பெரிய புகைப்படங்களுக்கு வார்னிஷ் பூசுதல்

சுவரளவான புகைப்படத்திற்குக் கண்ணாடி போடுதல் எளிதன்று. பாரமோ மிகுதி, பார்ப்பவருக்குப் படத்தினும் ஜன்னல் வெளிச்சமும் தம் முகமுமே முந்தித் தோன்றும். ஆதலின், கித்தான் துணியில் நிறமி மையால் அச்சிட்ட படங்களுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக வார்னிஷ் பூசுவர். இவ்வெண்ணம் பழையதே. 1850ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பிளாங்கார்-எவ்ரார் என்பவர் முட்டையின் வெண்கருப் பூசிய படக்காகிதத்தை வெளியிட்டார். அந்நூற்றாண்டிலேயே தேன்மெழுகைத் தைலத்திற் குழைத்துப் படத்தின்மேல் தேய்ப்பாரும் இருந்தனர்.

நம் கல்லூரியின் பழைய குழுப்படம் ஒன்றைப் பிரதியெடுத்து, ஆறடி அகலத்தில் அச்சிட்டு, நாமே பூசத் துணிந்தோம். நிறமி மை துணியின் மேற்புறத்திலேயே தங்குவதால் நகம் பட்டாலும் கீறும். சட்டத்தில் இழுத்து மடிக்கும்போது ஓரங்களில் வெடிக்கும். பூச்சு அவ்விரண்டையும் தடுக்கும். வெளிச்சத்தால் நிறம் மங்குவதைச் சில வார்னிஷ்கள் தாமதப்படுத்துமேயன்றி அறவே நிறுத்தா.

அச்சான படத்தை உடனே பூசலாகாது. மையிலுள்ள ஈரம் ஆவியாகக் குறைந்தது ஒரு நாளேனும் வேண்டும்; மழைக்காலமாயின் இன்னும் பொறுத்தல் நலம். தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நீர்கலந்த அக்ரிலிக் வார்னிஷை மெல்லக் கிளற வேண்டும்; டப்பாவைக் குலுக்கினால் குமிழிகள் உண்டாகும். பின்னர் மெல்லிய துணியில் வடிகட்டி, ஸ்பாஞ்சு ரோலரை நீரில் நனைத்து நன்கு பிழிந்துகொண்டு, முதலில் வெட்டியெறிந்த துண்டொன்றிற் பூசிப் பார்த்தல் அவசியம்.

படத்தைக் கிடையாக வைத்து, ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, நெடுக்கே ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் பரப்பி, இறுதியில் ரோலரின் பாரம் மட்டுமே படும்படி ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன் பூசிய விளிம்பு ஈரமாயிருக்கும்போதே அடுத்த பாகம் அதனோடு சேரவேண்டும். தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு இரண்டு மேல். விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தால் விட்டுப்போன இடங்கள் புலப்படும்.

நாம் தவறியதும் அவ்விளக்கினாலேயே. பின்வரிசையில் நின்ற ஒருவர் தோளருகே உள்ளங்கையளவு இடம் விடுபட்டிருந்தது. பூச்சு பாதி இறுகிய நிலையில் ரோலரை அங்கே மீண்டும் ஓட்டினோம். அவ்விடம் தோல்போற் சுருங்கி மேலெழுந்தது. விடுபட்டதை விட்டுவைத்து, முழுதும் உலர்ந்தபின் இரண்டாம் பூச்சில் மூடியிருக்கலாம். அக்கித்தானைக் கழித்துவிட்டு வேறொன்று அச்சிட நேர்ந்தது.

கழித்தது பிரதியாதலின் செலவோடு போயிற்று. மூலப்படத்தின்மேல் எவ்வகை வார்னிஷும் பூசலாகாது. ஒருமுறை படிந்ததைப் படத்திற்கு ஊறின்றி எடுத்தல் பெரும்பாலும் இயலாது. நாம் வேலைசெய்த அறைக்குள் அதனைக் கொண்டுவரவேயில்லை; அது நூல்நிலையத்துப் பெட்டியில், பூச்சின்றியே இருக்கின்றது.