புலனறிந்து இடும் விருந்து

தொல்காப்பியனார் தம் மரபியலில் உயிர்களை அறிவின் தொகைபற்றி ஆறு வகையாகப் பகுத்தார். உடம்பால் உற்றறிவது முதலாவது, அதன்மேல் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் முறையே வைத்தெண்ணப்பெறும், மனம் ஆறாவதாம். இதனைப் பாடஞ்செய்யும் நாம், மக்களாய்ப் பிறந்தார் அனைவர்க்கும் ஐம்புலனும் ஒரே அளவில் தொழிற்படும் என எண்ணிக்கொள்கின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதனை மாமல்லபுரத்தில் உணவு விடுதியொன்றன் மொட்டைமாடியில் யான் அறிந்துகொண்டேன்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியே கிழக்கு நோக்கி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அவ்வூர் ஒத்தவாடைத் தெருவிலும் அதனை அடுத்த சந்துகளிலும் மாடியின்மேல் கொட்டகை வேய்ந்து உணவளிக்கும் விடுதிகள் உள. கிழக்கு முகமாக அமர்ந்தால் எதிரே கடல். வலப்புறத்தே இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயில். முதுகுப்புறத்தே குன்றும் கலங்கரை விளக்கமும். உயர்ந்த மாடமும் இரவு விளக்கும் இக்கரைக்குப் புதியன அல்ல. ஏணியின்மீது ஏறவேண்டிய மாடமொன்றில் இரவெல்லாம் எரிந்த தீ கடலோடுவார்க்கு வழிகாட்டியதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்றுத் துறையைக் கூறுமிடத்துச் சொல்லியிருக்கின்றார். அத்துறை மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞரும் உளர்.

சென்ற ஆண்டு என் பெற்றோரின் திருமண நாளன்று இரவு ஏழரை மணியளவில் அத்தகைய மாடியொன்றிற்கு உணவருந்தச் சென்றோம். என் தம்பிக்கு வயது 12, ஆட்டிசம் உடையவன். ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்கிற்று. பக்கத்து மேசையார் பிறந்தநாள் கொண்டாடிக் கைதட்டினர். இரும்பு நாற்காலிகள் தரையில் உராய்ந்து கீச்சிட்டன. இவை எமக்குச் சந்தடி, அவனுக்கோ அடி. செவிகளைப் பொத்திக்கொண்டு மேசையின்கீழ்ப் புகுந்து அலறினான். “பிள்ளையைக் கண்டித்து வளர்க்க வேண்டும்” என ஒருவர் எம் தாயார் கேட்கவே கூறினார். தாயார் அவனை அணைத்துக்கொண்டு படியிறங்கினார். வந்த உணவு மேசையிலேயே ஆறிற்று. அன்றுமுதல் வெளியே சென்று உண்ணும் பேச்சை அவர் எடுத்திலர்.

அவன் செய்தது பிடிவாதம் அன்று. அதன் காரணத்தைச் சிறிது விளக்குவேன். கடிகாரம் ஓடும் அறையில் நாம் அமர்ந்தால், சில நிமிடங்களில் அதன் ஓசை நமக்குக் கேளாததுபோல் ஆகிவிடும். செவி தன் தொழிலைச் செய்துகொண்டேயிருப்பினும், வேண்டாததெனக் கண்டு மூளை அவ்வோசையை ஒதுக்கிவிடுகின்றது. ஆட்டிசமுடையார் பலரிடத்து இவ்வொதுக்கம் மெல்ல நிகழும், அல்லது நிகழாதொழியும். நூறு ஒலி எழுந்தால் நூறும் ஒருங்கே முன்வந்து நிற்கும். சிலர்க்கோ புலன் மந்தமாயிருத்தலின், அவர் ஒளியையும் அசைவையும் தாமே நாடிச் செல்வர். ஒருவரிடத்தே ஒரு புலன் மிகையாகவும் மற்றொன்று குறையாகவும் இருத்தலும் உண்டு.

1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியாக எடுத்துக் காட்டியது. தூசி உறிஞ்சும் பொறி போன்றவற்றின் இரைச்சலுக்கு அக்குழந்தைகள் அஞ்சி நடுங்கியதை அவர் அப்போதே குறித்திருக்கின்றார். ஆயினும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலேதான் புலன்களின் மிகையும் குறையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்பெற்றன. எழுபது ஆண்டு! இடையில், 1972இல், ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதிய நூலில், உடலின் சமநிலையை உணர்தலும், தசை மூட்டுகள் இருக்கும் நிலையை உணர்தலும் பிற புலன்களோடு சேர்த்து ஆராயப்பெற்றன. மாடிப்படியும் உயரமும் சிலரைக் கலக்குவது இவற்றாலாகும். இவை தொல்காப்பியனார் கணக்கில் உற்றறிவதன்பாற்படும் போலும், ஆசிரியர்கள் தெளிவிப்பார்களாக.

இனி, இத்தகையோர்க்கு இசைய அமைக்கும் விருந்தில் சேர்ப்பன சில, நீக்குவனவே பல. முதற்கண் நீக்கத்தக்கது ஒலிபெருக்கி. அதனை நிறுத்தினால் மாமல்லபுரத்து மாடியில் எஞ்சுவது அலையோசை. அஃது ஒரு சீராய் வருவது. தட்டு விழுதல் போன்ற திடீர் ஒலிகளை ஓரளவு தன்னுள் மறைத்துக்கொள்வது. ஆதலின் பலர்க்கு இதமாம். கீற்றுக் கூரை ஒலியை உள்வாங்கும். தகரக் கூரை அதனைத் திருப்பி எறியும். மேசைமேல் துணி விரித்தால் எவர்சில்வர் தட்டின் ஓசை அடங்கும். நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் உறை இடலாம். பகலிற் சென்றால் சிற்பக்கூடங்களின் உளியோசையும் கல்லறுக்கும் பொறியின் இரைச்சலும் கேட்கும். அவை ஓய்ந்தபின், கூட்டம் சேருமுன் உள்ள அந்திப்பொழுதே தக்கது. இக்கரை கிழக்கு நோக்கியது; கதிரவன் நம் முதுகுப்புறத்தே மறைதலின் கண் கூசாது. நிறைமதி நாளாயின் ஏறக்குறைய அதே வேளையில் மதி கடலினின்றும் எழும்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பிசைந்துண்பவர், சோற்றிற் குழம்பு, அதனோடு பொரியல். என் தம்பிக்கோ சோறும் குழம்பும் ஒன்றையொன்று தீண்டலாகாது. வெண்டைக்காயின் வழுவழுப்பு அவன் நாவிற்குப் பகை. அப்பளத்தின் மொறுமொறுப்பு நட்பு. இட்லி எங்கும் இட்லியாகவே இருத்தலின் அதனை அவன் நம்புவான். “இன்னும் கொஞ்சம்” என வற்புறுத்தி இலையில் இடுவது நம் மரபில் அன்பு. இவனிடத்து அஃது இடையூறு. தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, கேட்டபோது மட்டும் இடுதல் நன்று. எங்கே அமர்வோம், என்ன உண்போம் என்பவற்றை முன்னாளே படங்களாற் காட்டினால் அச்சம் குறையும்.

இதனால் வாணிகம் கெடும் என்பாரும் உளர். பிரித்தானியாவில் தேசிய ஆட்டிசச் சங்கத்தாரின் வேண்டுகோளுக்கிணங்க 2017ஆம் ஆண்டு அக்டோபரில் கடைகள் பல, இசையை நிறுத்தி விளக்குகளைக் குறைத்தன. அதுவும் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் எந்த வாணிகம் கெடும்? நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலிற் சேர்த்துளது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, இதே கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக 2005இல் மத்திய அரசினர் நிறுவிய தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உளது. ஆங்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் சிலராவது இம்மாடிகளின்கீழ் நடந்து சென்றிருப்பர். ஏறியிருப்பரோ என்பது ஐயமே. விடுதிக்காரரை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. விருந்துக்கு அழைக்கும்படி நம் ஆண்டவர் சொன்னவர்களின் வரிசை லூக்கா சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தில் உளது. ஏழைகளும் ஊனரும் சப்பாணிகளும் குருடரும் அதில் உளர். நம் ஆலயங்களின் அன்பின் விருந்துகளிலோ பந்தலின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டுகின்றோம்.

இவ்வாண்டு தைத் திங்களில் வேறொரு விடுதிக்கு முன்னாளே சென்று, அதன் தலைவரிடம் யான் பேசினேன். முதலில் வியந்தார், பின்னர், “ஏழு மணி வரையில் பாட்டுப் போடுவதில்லை, போதுமா?” என்றார். மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு நால்வரும் ஏறினோம். யான் கற்றவற்றையெல்லாம் கூட்டி, சுழலும் ஒளி தம்பியின் கண்ணிற் படாதவாறு, கலங்கரை விளக்கத்திற்கு முதுகு காட்டி அவன் நாற்காலியை இட்டுவைத்தேன். இட்லி வந்தது; உண்டான். தாயார் சூடு ஆறுமுன் உண்டார். இருள் சூழ்ந்ததும் தம்பி எழுந்து, தன் நாற்காலியை முற்றும் திருப்பிப்போட்டு, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, அவ்விளக்கின் வீச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான். ஏழு மணிக்கு நாங்கள் படியிறங்கும்போது இருநூற்றைக் கடந்திருந்தான்.