ரத்தம் நிற்காத இரண்டு மணி நேரம்

பழைய வழித்தடங்களில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாக வைத்தது என்பார்கள் ஊரில். அப்படிக் கல் வைத்த சாவுகள் கொஞ்சமல்ல.

அன்று பேறு வீட்டுக் கோடியில், பழைய சேலை விரிப்பின் மேல் நடந்தது. பிள்ளை வந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை கல்லுப்போல இறுக வேண்டும். இறுகினால்தான் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம் பாயும் இடம் அது. தளர்ந்தே கிடந்தால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். மருத்துவச்சிக்குக் கைப்பழக்கம் இருந்தது, மருந்து இல்லை. ‘கெட்ட ரத்தம்தானே, போகட்டும்’ என்று கொஞ்ச நேரம் போகும். பயம் வந்து மாட்டுவண்டி பூட்டுவதற்குள் மிச்ச நேரமும் போய்விடும்.

மருந்து அப்போதே உலகில் இருந்தது என்பதுதான் வேதனை. கர்ப்பப்பையைச் சுருக்கும் எர்கோமெட்ரினை 1935-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் ஆக்சிடோசினை 1953-ல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஊசியைப் போட ஒரு கை ஊருக்குள் இல்லை.

இன்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் முறை வைத்து இரவும் பகலும் பேறு பார்க்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 99.6 சதவீதப் பேறுகள் மருத்துவமனைகளில்தான். பிள்ளை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின். ரத்தம் நிற்காவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம். 108 வண்டியில் கால் முதல் வயிறு வரை இறுக்கிக் கட்டும் உடை, போய்ச் சேரும் சீமாங்க் என்ற அவசர மகப்பேறு சிகிச்சை மையத்தில் ரத்தமும் அறுவை அரங்கும். ஒவ்வொரு தாய்ச் சாவுக்கும் எங்கே தாமதம் என்று விசாரணையும் உண்டு.

கண்ணால் பார்த்து ரத்தத்தைக் கணித்தால் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுவோம். அதற்குத்தான் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை. அந்தப் பையால் அளந்து, சிகிச்சைகளையெல்லாம் ஒரே மூச்சில் தொடங்கிய ஆப்பிரிக்க மருத்துவமனைகளில், கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது.

2001-03-ல் தமிழகத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். எல்லாக் காரணங்களும் சேர்ந்த கணக்கு இது. 2018-20-ல் அது 54. இந்திய அளவில் 97.

ஆனால் இரண்டு விஷயங்கள் எதிர்த்திசையில் போகின்றன. அதே 2019-21 கணக்கெடுப்பில், தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது அதிகம். நல்ல ரத்தமுள்ளவள் தாங்கும் அரை லிட்டர் இழப்பு, சோகையுள்ளவளைச் சாய்த்துவிடும். அதே கணக்கெடுப்பில் பேறுகளில் 44.9 சதவீதம் சிசேரியன். பழைய தழும்பில் அடுத்த பிள்ளையின் நஞ்சுக்கொடி வேரூன்றிவிட்டால், பிரித்தெடுக்கும்போது பெருக்கெடுக்கும் ரத்தம் எந்த மருத்துவமனையையும் திணறடிக்கும்.

இதுவரை வென்றது பேற்றறைக்குள் வீணான நேரத்தை. இனிக் குறைய வேண்டிய சாவுகளுக்கு வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது: பள்ளிக்கூடத்துப் பெண்ணின் இரும்புச்சத்து மாத்திரையிலும், முதல் பேற்றில் கத்தி வைப்பதா வேண்டாமா என்ற முடிவிலும்.