கைகூப்பும்போது விரல்கள் ஒட்டவில்லையா? சர்க்கரை காரணமாக இருக்கலாம்

வணக்கம் சொல்வதுபோல் கைகூப்பிப் பாருங்கள். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா?

நீண்டகாலமாக நீரிழிவு உள்ள சிலருக்கு அப்படி ஒட்டாது. விரல்களுக்கு நடுவே சந்து தெரியும். மருத்துவர்கள் அதைப் 'பிரார்த்தனை அறிகுறி' என்று சொல்வதுண்டு.

பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது?

<b>விறைத்துப்போகும் இழைகள்</b>

தோல், தசைநார், மூட்டு, ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் எனும் புரதம். உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். கயிறுபோல் முறுக்கிய அதன் இழைகள் வலுவானவை, அதேநேரம் வளைந்துகொடுப்பவை.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால், குளுக்கோஸ் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். முதலில் அது பிரிந்துவரக்கூடும். நாளாக நாளாக அது நிரந்தரமாகி, பக்கத்து இழைகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். இழைகள் நகர முடியாமல் விறைத்துப்போகும்.

வயதாக ஆக இது எல்லாருக்கும் நடக்கும். நீரிழிவு இருந்தால் வேகமாக நடக்கும்.

<b>காயா ரொட்டியில் நடப்பதும் இதுதான்!</b>

வாட்டிய ரொட்டி பழுப்பு நிறமாகிறது அல்லவா? அதிலும் சர்க்கரையும் புரதமும்தான் சேர்கின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மயார் 1912இல் அந்த வேதிவினையை விளக்கினார்.

சூட்டில் சில நிமிடங்களில் நடப்பது, 37 டிகிரி செல்சியஸ் உடலில் மெதுவாகப் பல ஆண்டுகளில் நடக்கிறது.

<b>ரத்தம் மறந்துவிடும், கொலாஜன் மறக்காது</b>

எச்பிஏ1சி பரிசோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதை அது காட்டுகிறது. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் கடந்த 2, 3 மாத நிலவரம்தான் தெரியும்.

கொலாஜன் அப்படியில்லை. தோலில் உள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படுவதற்கே ஏறக்குறைய 15 ஆண்டு பிடிக்கும். 20களில் ஒட்டும் சர்க்கரை 40களிலும் இருக்கலாம்.

<b>"கைக்கு மட்டும்தானே?"</b>

இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது, விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது ஆகியவை அதிகம் ஏற்படுகின்றன. இதே மாற்றம் ரத்தக்குழாய்களை விறைக்கச் செய்யும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

<b>என்ன செய்யலாம்?</b>

பூட்டிக்கொண்ட இழைகளைப் பிரிக்கும் மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் புதிதாகப் பூட்டுவதைக் குறைக்க முடியும்.

- காப்பிக் கடையில் 'கோசோங்' கேட்டுப் பழகுங்கள். பானம் வாங்கும்போது நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பாருங்கள்.

- இனிப்பு மட்டுமல்ல. சோறு, மீ போன்றவையும் குளுக்கோஸாக மாறும். அளவைக் கவனியுங்கள்.

- சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடங்க. தசைகள் குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்ளும்.

- குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருந்தால், இளவயதிலேயே மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

கைகள் ஒட்டாமல் போவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதை வைத்தே நீரிழிவு என்று முடிவுசெய்ய வேண்டாம்.

ஆனாலும், இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியை ஒருமுறை கைகூப்பச் சொல்லிப் பாருங்கள். விரல்கள் சேரவில்லை என்றால், அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.