கிலோக் கணக்கில் போகும் கிண்ணங்கள்

2022இல் அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் அட்டை 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. மிக்கி மன்ரல் என்ற வீரரின் படம் போட்டு 1952இல் ஒரு சுவிங்கம் கொம்பனி அச்சிட்ட அட்டை அது. அந்தக் காலத்தில் விலைப்படாமல் தேங்கிய பெட்டிகளைக் கொம்பனிக்காரரே பின்னர் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டாமல் தப்பியவற்றுக்குத்தான் இன்று இந்த விலை. இப்படி ஒரு செய்தி வந்தால் உலகம் முழுக்கப் பரணைக் கிளறுவார்கள். வன்னியில் கிளறுவதற்கு எந்த வீட்டில் பரண் இருக்கிறது? போருக்குப் பின் எழுந்த இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது.

பழைய சாமான்களுக்கு மட்டும் இங்கே குறைவில்லை. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை ஏ9 ஓரம் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரரிலும் வந்து இரும்பு, பித்தளை, போத்தல் என்று கூவுகிறவர்கள் இருக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய அட்டைகளையும் தொப்பிகளையும் தேடி அலைகிற ஒருவர் இங்கே வந்தால் இவர்களிடம்தான் போக வேண்டும். அவர் அங்கே காணப்போவது அட்டையை அல்ல, விளையாட்டில் வென்ற கிண்ணத்தை.

விளையாட்டுக் கழகம் இரண்டாக உடையும்போது, பள்ளிக்கூடத்தில் அலுமாரி மாற்றும்போது, வீடு இடித்துக் கட்டும்போது கிண்ணங்கள் வெளியே வரும். கடையில் முதல் வேலை மரப் பீடத்தைக் கழற்றி எறிவது. அடுத்தது, பெயரும் ஆண்டும் பொறித்த சின்னத் தகட்டை உரிப்பது. தகடு வேறு உலோகம், எடை கலக்கக் கூடாது. பித்தளை தனிக்குவியல், அலுமினியம் தனிக்குவியல். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சுற்றுப்போட்டி என்பதெல்லாம் அந்தத் தகட்டோடு போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உலோக விலை ஏறியதும் வீட்டு மூலையில் சும்மா கிடந்த கிண்ணமும் காசாகத் தெரியத் தொடங்கியது. பிளாஸ்ரிக்குக்குத் தங்க முலாம் பூசி இப்போது கொடுக்கிற கிண்ணங்களை இரும்புக் கடைக்காரரே வாங்குவதில்லை. ஆகவே நாற்பது ஆண்டு கழித்து நம் காலத்தின் சாட்சியாக மிஞ்சப்போவது பிளாஸ்ரிக் கிண்ணங்கள்தான்.

தேடுகிற பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மற்ற நாடுகளில் பழம்பொருள் தேடுவோர் உலோகம் கண்டறியும் கருவியோடு காணி காணியாக நடப்பார்கள். அந்த வேலை இங்கே வேண்டாம். ஹலோ ட்ரஸ்ட் என்ற நிறுவனம் 2002 முதல் இங்கே கண்ணிவெடி அகற்றி வருகிறது. இரும்பு பொறுக்கப் போய்க் கை இழந்த பிள்ளைகளின் கதை எல்லாருக்கும் தெரியும்.

சேகரிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் இங்கும் உண்டு. அவர்கள் கேட்பது சுழற்பந்து வீச்சாளர் முரளி கையெழுத்திட்ட பந்து, 1996 உலகக்கிண்ண அணியின் படம், அந்த ஆண்டு ரீசேட். கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் பழைய கிரிக்கெட் மலர்களையும், நடுப்பக்கப் படம் உருவப்படாத ஸ்போர்ட்ஸ்டார் இதழ்களையும் துழாவுவார்கள். அதில் தவறில்லை. ஷேன் வோர்னின் பச்சைத் தொப்பி 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் போனது. பேரும் புகழும் உள்ள பொருளுக்கு விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் முரளியின் பந்தைக் காப்பாற்ற உலகமே இருக்கிறது. 800 விக்கெட்டும் எந்த நாளில் எந்த மைதானத்தில் யாருக்கு விழுந்தது என்று நூறு இடத்தில் எழுதியிருக்கிறது. உருத்திரபுரத்திலும் விசுவமடுவிலும் மாங்குளத்திலும் உதைபந்து ஆடியவர்களின் ஓட்டைக் கிண்ணத்துக்கு யார் இருக்கிறார்கள்?

வன்னிப் பொடியள் சேகரிக்கத் தெரியாதவர்கள் அல்ல. அட்டை வரவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் 80களின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படங்கள் வந்தன. சிறுவர்கள் படத்துக்காகவே வாங்கி மென்றார்கள். 90களில் பொருளாதாரத் தடையால் பற்றரியே தடைசெய்யப்பட்டிருந்த இடத்துக்குப் பபிள்கம் படம் எங்கே வரும்? பேப்பரில் வந்த படத்தை வெட்டி, சோற்றுப் பசை பூசி, சீ.ஆர். கொப்பியில் ஒட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. அந்தத் தாளில் அரவிந்த டி சில்வாவின் முகம் கரி அப்பியதுபோல் இருக்கும். இருந்தாலும் அது அரவிந்த. 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் அவர் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்து, 3 விக்கெட்டும் வீழ்த்திய நாளில், யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்த சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் பரந்து கிடந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்ட காலம். சுற்றுகிறவர் களைத்தால் விக்கெட் விழுந்ததா இல்லையா என்று தெரியாது.

இன்னொரு சேகரிப்பும் இருந்தது. வெறும் சிகரெட் பெட்டியைப் பிரித்து மட்டையாக மடித்து, ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு பெறுமதி வைத்து, காசுபோல் வைத்து விளையாடினார்கள். வரலாறு இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. விளையாட்டு அட்டை பெருகியதே சிகரெட் பெட்டியோடுதான். மெல்லிய பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த தடித்த மட்டையில் படம் அச்சடித்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் கொம்பனி 1896இல் கிரிக்கெட் வீரர்களின் படத்தை இப்படி வெளியிட்டது. அங்கே பெட்டியை எறிந்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டார்கள். படம் இல்லாத இடத்தில் நம் பொடியள் பெட்டியையே வைத்துக்கொண்டார்கள். அந்த மட்டைக் கட்டு ஒன்றையாவது பத்திரமாக வைத்திருப்பவர் இருந்தால், என் கணக்கில் அது முரளியின் பந்தைவிடப் பெரிய பொருள்.

இருக்காது. எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதற்கு இங்கே தனி விதி உண்டு. ஒவ்வொரு இடப்பெயர்விலும் சனம் எதைத் தூக்கியது என்று பாருங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் சேர்டிபிக்கேட் ஃபைல். மாகாணமட்ட ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்ற தாளும் அந்த ஃபைலுக்குள் இருக்கும். நேர்முகப் பரீட்சையில் அதற்குப் புள்ளி உண்டு. கிண்ணத்துக்குப் புள்ளி இல்லை, பாரமும் கூட. அது வீட்டிலேயே நின்றது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் ஒரு தடவை அள்ளியது. 2009இல் இறுதிப் போரில் எஞ்சியதும் போனது. முள்ளிவாய்க்கால் வரை தூக்கி வந்த ஃபைலிலும் எல்லாம் தப்பவில்லை. சில சான்றிதழ்களின் மேல் இருந்த புலிகளின் இலச்சினையே பிறகு ஆபத்தாகிவிட்டதால் சனம் தன் கையாலேயே கிழித்தது, புதைத்தது, எரித்தது. நூறு மீற்றரில் முதலாவதாக வந்ததற்கு ஆதாரம் வைத்திருப்பது குற்றமாகத் தெரிந்த காலமும் ஒன்று இருந்தது. அந்த வகைத் தாள் எங்காவது ஒரு சூட்கேசின் அடியில் இருக்கலாம். அதன் விலையை எந்த ஏலக்காரரும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் வன்னியின் ஏழ்மை விளங்கும். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் இடையே 1904இல் தொடங்கிய ‘வடக்கின் போர்’ என்ற கிரிக்கெட் ஆட்டத்துக்கு மலர் உண்டு, படம் உண்டு, லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கம் உண்டு. 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை யாழ் மத்தியின் எந்தத் தலைமுறையும் மறக்காது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. யாழ்ப்பாணப் பள்ளி மலர்கள் அங்கே நிறையக் கிடைக்கின்றன. வன்னிக்கு மலர் போட ஆளும் காசும் குறைவு, போட்டதும் மிஞ்சவில்லை.

இதில் நிர்வாகக் கோடும் சேர்ந்துகொண்டது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். கிளிநொச்சி 1984இல். அதற்கு முன்னர் பரந்தனில் இருந்து போய் ஓடி வென்றவர் தாளில் யாழ்ப்பாண மாவட்டக்காரர். முல்லைத்தீவில் பல ஊர்க்காரர் வவுனியாக் கணக்கில். இன்று ஒருவர் கிளிநொச்சியின் விளையாட்டு வரலாறு என்று தேடத் தொடங்கினால் கிளிநொச்சி என்ற சொல்லே இல்லாத சான்றிதழ்களைத்தான் தேட வேண்டும். சந்தையில் யாழ்ப்பாண மாவட்டம் என்று பொறித்த பழைய பதக்கம் ஒன்று கண்ணில் பட்டால், அது யாழ்ப்பாணத்துப் பொருள் என்று அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

ஓகஸ்டில் வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் வருவார்கள். பழைய கழகத்துக்காரர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, சுவரில் தொங்கும் குழுப்படத்தைப் பார்த்துக் கண் கலங்கி, “அண்ணை, உதை நான் கொண்டுபோய் வடிவாக் கண்ணாடி போட்டு வைக்கட்டே?” என்று கேட்பார்கள். அண்ணை கொடுத்துவிடுவார். ஏலத்துக்குப் போகாது, உண்மை. கனடாவில் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் பத்திரமாக இருக்கும். கறையான் இல்லாத நாட்டில் இருப்பதே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. வயிறு நிறைந்தவன் வேலை இது, வன்னிக்கு முதலில் மைதானம் வேண்டும் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். கொண்டுபோகிறவர் கைபேசியில் ஒரு நகலாவது எடுத்து வீட்டில் விட்டுப் போகலாமே.

எனக்குள்ள கவலை வேறு. அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார்? பழைய ஸ்ரூடியோக்காரர் குழுப்படத்தை மட்டையில் ஒட்டி, அடியில் அச்சடித்துக் கொடுப்பார்: இருப்போர், நிற்போர், இடமிருந்து வலம். பயிற்றுநர் பெயர், அணித்தலைவர் பெயர், சமுகமளிக்காதவர் பெயர்கூட இருக்கும். 80களுக்குப் பிறகு வன்னியில் எடுத்த படங்களில் பலவற்றுக்கு அந்த வரி இல்லை. கலர்ப் படம், பின்பக்கம் வெள்ளை. பதினொரு பேர் நிற்கிறார்கள். வீட்டுக்காரருக்கு நாலு பேரைத் தெரியும். மற்றவர்களில் சிலர் வெளிநாடு, சிலர் இறந்துவிட்டார்கள், சிலரைக் காணவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கினார்கள். அடுத்த சில நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. அங்கே அம்மாமார் நெஞ்சில் பிடித்திருக்கும் படங்களைக் கவனித்தால், சிலவற்றின் ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரியும். வேறு படம் இல்லாமல் குழுப்படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தவை. மூலப்படம் எந்தக் கழகத்தினது, எந்த ஆண்டு எடுத்தது, பக்கத்தில் நின்ற தோள் யாருடையது? அந்தத் தோளுக்கும் ஒரு அம்மா இருப்பார். அவரிடம் ஒரு படமும் இல்லாமல் இருக்கலாம். இதற்குப் பிறகும் அட்டை சேர்ப்பதும் கிண்ணம் சேர்ப்பதும் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தையிலோ பேப்பர் எடை போடும் கடையிலோ பழைய அல்பம் ஒன்று கிடைத்தால், முரளி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள்.

சேர்த்ததைக் கெடுப்பதிலும் நாங்கள் கெட்டிக்காரர். சான்றிதழ் கையில் வந்ததும் லமினேற் பண்ண ஓடுவோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. பழைய தாளுக்கு அது மரண தண்டனை. தாள் நுழையும் உறையில் போட்டு வைத்தால் போதும். ஒட்டும் பக்கமுள்ள அல்பங்களில் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும். படத்தின் பின்பக்கம் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு தெரியும். மென்மையான பென்சில் நல்லது. வழுவழுப்பான புதிய படங்களில் பென்சில் பிடிக்காது, அதற்குத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரே உறையில் வைக்கலாம். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

புதிதாகச் சேர்க்கவும் பொருள் வந்துகொண்டே இருக்கிறது. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முள்ளியவளை அகிலத்திருநாயகி 72 வயதில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். ஊரெல்லாம் மாலை போட்டது, படம் பிடித்தது. அவர் நெஞ்சில் குத்தி ஓடிய இலக்கத் துணியை வாங்கிப் பத்திரப்படுத்தலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்காவது தோன்றியதா? முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று பார்த்துத் தொடக்கூடிய விளையாட்டுப் பொருள் அது.

ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். வென்ற இல்லம் கிண்ணத்தோடு நிற்கும், நூறு கைபேசி படம் எடுக்கும், அன்றிரவே எல்லாம் முகநூலில் ஏறும். ஒன்றிலும் முழுப்பெயர் வரிசை இருக்காது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஸ்ரூடியோவில் கேட்டால், படத்தைப் பிரிண்ட் போட்டு அடியில் பெயர் அச்சடித்து மட்டையில் ஒட்டித் தருவார்கள். பிள்ளைகள் பிரிந்து போகுமுன் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுக்க ஒரு ஆசிரியர் வேண்டும்.