புதிய சாலையும் பதினைந்து நிமிடமும்

நெரிசல் தீர இன்னொரு சாலை அமைப்பதே வழியென்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது எப்போதும் பலிக்காது என 1968-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிச் பிரேஸ் காட்டினார்.

ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு 4,000 வண்டிகள் செல்வதாகக் கொள்வோம். வழிகள் இரண்டு. ஒன்றில் முதலில் குறுகிய சாலை, பிறகு அகன்ற சாலை. மற்றதில் முதலில் அகன்றது, பிறகு குறுகியது. அகன்றதைக் கடக்க என்றும் 45 நிமிடம். குறுகியதிலோ நூறு வண்டிக்கு ஒரு நிமிடம். வண்டிகள் சரிபாதியாகப் பிரிந்தால் பயணம் 65 நிமிடம்.

இனி, இரு குறுஞ்சாலைகளையும் நொடியில் கடக்கும் இணைப்பொன்றால் சேர்ப்போம். எவ்வளவு நெரிந்தாலும் குறுஞ்சாலைக்கு 40 நிமிடந்தானே என்று எல்லாரும் இரண்டையுமே நாடுவர். விளைவு 80 நிமிடம்! கணக்கிட்டுப் பார்த்த பின்னரே நான் நம்பினேன். தனியொருவர் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85 நிமிடம். ஆதலின் எவரும் திரும்பார். அனைவரும் ஒருங்கே உடன்பட்டு இணைப்பைக் கைவிட்டாலன்றி, இழந்த பதினைந்து நிமிடம் மீளாது.