முதலில் குழந்தையின் பை

பேரனின் முடிகாணிக்கைக்காகப் பழநி சென்றிருந்தோம். அடிவாரத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசி, இழுவை ரயிலில் மலையேறினோம். அர்ச்சனைப் பொருள்களில் ஒன்றும் குறையவில்லை. நான் கட்டிய மூட்டைகளில் குழந்தையின் மாற்றுத்துணி மட்டும் விடுதியிலேயே தங்கிவிட்டது. நனைந்து அழுத பிள்ளையுடன் மருமகள் வரிசையை விட்டு விலகினாள். பிழை என்னுடையது, தரிசனம் இழந்தவள் அவள்.

வங்கியில் அன்றாடப் பணம் காசாளர் கையிலும், எஞ்சியது பெட்டகத்திலும் இருக்கும். பயணத்திற்கும் அதுவே முறை. பருத்தித் துணிகள் நான்கு, மொட்டைத் தலைக்கு மெல்லிய குல்லா, கொதித்தாறிய நீர், கரண்டி, விரிக்கப் பழைய வேட்டி ஆகியவை தோள்பையில் இருக்கட்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், நீரும் வேண்டா.

அர்ச்சனைத் தட்டுக்கு முன்பாக அந்தப் பையைச் சரிபாருங்கள். பழத்துக்காகக் கோபித்துக் குன்றேறிய பிள்ளைக்கு, இன்னொரு பிள்ளையின் அழுகை புரியாதா?