பழைய ஜீப்புக்கு மின் சோக்: இணைப்பு எங்கிருந்து?

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் பழைய பெட்ரோல் ஜீப்புகளை இன்றும் ஓட்டிவரும் தோட்டக்காரர்கள் உண்டு. பனிக்காலத்தில் விடியுமுன் காய்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றும் வேளையில் என்ஜின் கிளம்ப மறுக்கும். கை சோக்கை இழுத்துக் கிளப்பிவிட்டு, அதைத் திரும்பத் தள்ள மறந்துவிடுவதும் உண்டு. அப்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். என்ஜின் ஆயிலிலும் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பெட்ரோல் வீணாவதைவிட, பிஸ்டன் வளையங்கள் தேய்வதே பெரிய நஷ்டம்.

இதைத் தவிர்க்க மின் சோக் பொருத்தலாம். ஆனால் மின் இணைப்பு தவறினால் அதுவும் இதே நஷ்டத்தைத் தரும்.

வேலை செய்யும் விதம்

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. எனவே காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்ட, சோக் தகடு காற்று வழியை அடைக்கிறது. மின் சோக்கில் இத்தகட்டை இயக்குவது இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள். அருகிலுள்ள மின் சூடேற்றி அதைச் சூடாக்கும்போது இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் சுருள் திரும்பி, தகடு மெல்லத் திறக்கிறது. சில நிமிடங்களில் அது முழுவதும் திறந்துவிட வேண்டும். என்ஜின் ஓடும் நேரமெல்லாம் சூடேற்றிக்கு மின்சாரம் வரவேண்டும். நின்றதும் நிற்க வேண்டும். இதுவே முக்கிய விதி.

இணைப்பு கொடுத்தல்

முதலில் வண்டியின் பாட்டரி எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய ஜீப்புகள் சில 6 வோல்ட் கொண்டவை. 12 வோல்ட் சோக் அவற்றில் சரிவரச் சூடாகாது. சோக் அமைப்பு கார்புரேட்டருக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும்.

பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். சோக்கின் ஒயரைப் பாட்டரியுடன் நேராக இணைக்கக் கூடாது. வண்டி நிற்கும்போதும் மின்சாரம் ஓடி, பாட்டரி தீர்ந்துவிடும். காலையில் தகடும் திறந்தே கிடக்கும்.

இக்னிஷன் காயிலில் இணைப்பதே பலர் செய்யும் தவறு. காயிலுக்கு முன் மின்தடை உள்ள வண்டிகளில், என்ஜின் ஓடும்போது அங்கே 12 வோல்ட்டுக்கு வெகு குறைவாகவே கிடைக்கும். சோக் தாமதமாகத் திறக்கும். தீப்பொறியும் வலு இழக்கும்.

இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டுமே முழு 12 வோல்ட் வரும் முனையிலிருந்து பியூஸ் வழியாக இணைப்பு எடுக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். அது புகைபோக்கிக் குழாயில் படாமல் செல்ல வேண்டும். கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட் மின்சாரத்தைத் தடுக்கக்கூடும். ஆகவே தனி எர்த் ஒயர் கொடுப்பது நல்லது.

சாவியைத் திருப்பியபடி என்ஜினைக் கிளப்பாமல் விட்டால், சோக் வீணே சூடாகித் திறந்துவிடும். இதற்கு, ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை இடையில் பொருத்தலாம். எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்ச் இதற்கு நேர்மாறாக வேலை செய்வது. அதைப் பயன்படுத்தக் கூடாது.

சரிப்படுத்துதல்

குளிர்ந்த என்ஜினில் ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தி விடவேண்டும். சோக் மூடியின் திருகுகளைத் தளர்த்தி, தகடு சற்றே மூடும் வரை மூடியைத் திருப்பி இறுக்க வேண்டும். உதகை போன்ற உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவு; கலவையில் பெட்ரோல் தானாகவே மிகும். எனவே அங்கே ஒரு கோடு அளவு குறைத்து வைப்பது நல்லது.

பின்னர் ஏர் கிளீனரை மாட்டி, என்ஜினைக் கிளப்பிச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். உடனே ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால், தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சூடான பிறகும் கரும்புகை வந்தாலோ, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தாலோ, ஆயில் அளவுக்கோலில் பெட்ரோல் வாடை வீசினாலோ சோக் திறக்கவில்லை என்று அறியலாம். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால், இணைப்பைச் சரிசெய்வதோடு ஆயிலையும் மாற்றிய பிறகே வண்டியை ஓட்ட வேண்டும்.